மலையிலிருந்து இறங்கும் சீர்

கார்த்திகைத் திங்களில் திருச்சானூர் சென்றவர் அறிவர். அலர்மேல் மங்கைத் தாயாருக்குரிய பெருவிழாவின் இறுதி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று, ஏழுமலை மேல் வீற்றிருக்கும் பெருமான் தம் தேவிக்குச் சீர் அனுப்புகின்றார். பட்டும் மஞ்சளும் குங்குமமும் பணியாரங்களும் யானை மீதும் தலைச்சுமையாகவும் மலையிலிருந்து இறங்கி, திருப்பதித் தெருக்களைக் கடந்து, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாயார் கோயிலை வந்தடைகின்றன. பத்ம சரோவரம் என்னும் திருக்குளத்தில் இலட்சக்கணக்கானோர் ஒருசேர மூழ்கி எழுகின்றனர். விடுமுறைக்குத் தாயகம் திரும்பும் நம் குடும்பங்கள் பலவும், சென்னையில் இறங்கிய மறுநாளே திருப்பதிக்கு வண்டி பிடிப்பதை வழக்கமாகக் கொண்டவை. முதலில் கீழே தாயாரை வணங்கி, பின்பு மலை ஏறுதல் வேண்டும் என்று பாட்டிமார் சொல்லிக் கொடுத்ததை மறவாதவர் இன்னும் நம்மிடையே உளர்.

அந்தச் சீரைக் கண்டு நின்றபோது நம் உள்ளத்தில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். அதே கோயில் நகரில் இரண்டு வகைப் பணம் பேசப்படுகின்றது. ஒன்று, பெருமான் தம் திருமணச் செலவிற்காகக் குபேரனிடம் வாங்கிய கடன். அதற்கு வட்டி கட்டவே உண்டியல் நிறைகின்றது என்பது மக்கள் வழங்கும் கதை. மற்றொன்று, தேவிக்கு அனுப்பும் சீர். கடனுக்குக் கணக்கு உண்டு; தவணை உண்டு; கொடுத்தவன் வாசலில் வந்து நிற்கும் உரிமையும் உண்டு. சீருக்கோ இவை எதுவும் இல்லை. பிறந்த வீட்டுச் சீரைப் பெண் எவ்வாறு செலவிட்டாள் என்று அண்ணன் கேட்பதில்லை. கேட்டால் அது சீரன்று. தமிழில் கொடைக்கு எத்துணைச் சொற்கள்! பிச்சை, ஈகை, ஒப்புரவு, மொய், சீர், கடன். ஒவ்வொன்றும் கொடுப்பவனுக்கும் பெறுபவருக்கும் இடையே வேறு வேறு உறவை நாட்டுகின்றது. வள்ளுவர் ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரமாகவும், ஈகையை அதன் பின் இருபத்து மூன்றாம் அதிகாரமாகவும் வைத்ததும் சிந்தித்தற்குரியது. ஊரோடு ஒத்து வாழ்ந்து அதற்கு உதவுதல் முன்னது; இல்லாதவர்க்கு இடுதல் பின்னது.

அமைதிக்காக உழைக்கும் பெண்கள் அமைப்புகட்கு நாம் அளிக்கும் பணம் இவற்றுள் எது? இதனை ஆராயாமலே நாம் பல ஆண்டுகளாகக் கொடுத்தும் மறுத்தும் வருகின்றோம்.

அமைதி என்றவுடன் நம் மனம் எல்லைக்கோட்டையும் படைமுகாமையும் நாடுகின்றது. அது முழு உண்மை அன்று. திருச்சானூரில் நின்று வடமேற்கே நோக்கினால் தெரிவது சேஷாசல மலைத்தொடர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் அத்தென்பகுதியில்தான் செம்மரம் இயற்கையாக வளர்கின்றது. உலகில் வேறெங்கும் அதற்குத் தாயகம் இல்லை. அக்காட்டில் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இருபது தமிழர் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர். அவருள் மலைவாழ் மக்களும் இருந்தனர். மரம் வெட்டிய கூட்டம் தம்மைத் தாக்கியதால் சுட்டோம் என்றனர் காவலர். பேருந்திலிருந்தும் வழியிலிருந்தும் பிடித்துச் சென்று கொன்றனர் என்றனர் குடும்பத்தாரும் மனித உரிமை இயக்கத்தாரும். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது, வழக்குகள் எழுந்தன. அவ்வழக்கின் நியாயத்தை இங்கே தீர்க்க முற்படவில்லை. நாம் நினைந்து வருந்துவது வேறொன்று. அவ்விருபதின்மரும் நம்மைப் போலவே பிழைப்புக்காக எல்லை கடந்தவர்கள். நாம் கடல் கடந்தோம். அவர்கள் ஒரு மாவட்டம் கடந்தார்கள். நமக்கு விசா தாளில் கிடைத்தது. அவர்களுக்குத் தரகன் கையில் முன்பணமாகக் கிடைத்தது. முன்பணம் வீட்டிற்குள் நுழையும்போது அதனை மறுத்துரைக்கும் வலிமை அவ்வீட்டுப் பெண்ணுக்கு இருந்திருப்பின்? அவளுக்குத் துணையாகத் தெருவில் பத்துப் பெண்கள் நின்றிருப்பின்? இவ்வினாக்களைக் கேட்பதே பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதாகும் என்று நாம் கருதுகின்றோம்.

உடனே ஒரு மறுப்பு எழும். மகளிர் குழுக்கள் தமிழ்நாட்டில் தோன்றியதே தருமபுரியில் அன்றோ? பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் அம்மாவட்டத்திலேயே தமிழக அரசின் மகளிர் திட்டம் தொடங்கிற்று. அதன் பின் கால் நூற்றாண்டு கழிந்தும் அம்மாவட்டத்தார் செம்மரக் காட்டிற்குச் சென்றார்கள் என்றால், பணமும் குழுவும் என்ன செய்தன? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. குழு என்ற பெயர் இருந்தால் மட்டும் போதும் என்பாரை இது வாயடைக்கும். எந்தக் குழு, எதன் பொருட்டு, எத்தகைய பணத்தோடு என்பதே ஆராயற்பாலது.

இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருப்பதிக்கு வடக்கே அண்டை மாவட்டமான நெல்லூரில் துபகுண்டா என்றொரு சிற்றூர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் விளக்கின் கீழ் அமர்ந்து எழுத்துக் கூட்டினர். எழுத்துப் படிக்க வந்தவர்கள் எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் போவார்களா? பக்கத்தில் அமர்ந்தவளின் முகத்தில் இருந்த வீக்கத்தையும் படித்தார்கள். பாடநூலில் இருந்த கதைகளும் அவர்கள் வாழ்க்கையையே பேசின. கணவன் கூலி முழுவதும் சாராயக் கடைக்குச் செல்கின்றது, மாலையில் அவனே அடிக்கின்றான், அடுப்பு எரியவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு விதி என்று மறைத்து வைத்திருந்தது, ஊர் முழுவதற்கும் பொதுவான செய்தி என்று அவ்விரவுப் பள்ளியில் வெளிப்பட்டது. 1992இல் துபகுண்டாப் பெண்கள் திரண்டு சென்று ஊரில் சாராயம் விற்பதைத் தடுத்து நிறுத்தினர். ரோசம்மா என்னும் உழைப்பாளிப் பெண்மணியின் பெயர் அவ்வெழுச்சியோடு ஒன்றி நிலைத்துவிட்டது.

பின்பு நிகழ்ந்தது நாடறிந்தது. ஏறத்தாழ 5,000 சிற்றூர்களின் பெண்கள் கூடிக் கூடித் தீர்மானம் இயற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினர். நெல்லூர் மாவட்டச் சாராயக் கடை ஏலம் 17 முறை தள்ளிவைக்கப்பட்டது. விளக்குமாறும் மிளகாய்ப் பொடியும் அவர்கள் கையில் இருந்த படைக்கலங்கள். (எல்லா ஊர்களிலும் எல்லாம் மென்மையாக நடந்தது என்று நாம் கூற முன்வரவில்லை. குடித்துவிட்டு வந்தவரைப் பெண்கள் பூசித்து அனுப்பவில்லை.) 1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூரிலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 சனவரி 16 முதல் என்.டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொணர்ந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. அரசின் வருவாய்ப் பசி பெண்களின் குரலினும் ஓங்கிற்று.

இந்நிகழ்ச்சியைப் பணத்தின் கண்கொண்டு பார்த்தோர் சிலரே. போராட்டத்திற்கென எந்த அறக்கட்டளையும் பணம் தரவில்லை. ஆகவே பெண்கள் எழுச்சிக்குப் பணமே தேவையில்லை என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். நாம் இதனை ஏற்கவில்லை. இரவுப் பள்ளியின் விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றியது? புத்தகம் யார் அச்சிட்டது? பயிற்றுநர்க்கு வழி யார் அமைத்தது? பொதுப் பணம் அங்கே சென்றிருந்தது. எழுத்தறிவிற்காகச் சென்ற பணம், பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் ஓர் இடத்தை உண்டாக்கிற்று. அவ்விடத்தில் என்ன பேச வேண்டும் என்று பணம் கட்டளையிடவில்லை. கட்டளையிட்டிருந்தால் சாராயத்தைப் பற்றிப் பேச விட்டிருக்குமா? சாராய ஏலத்தில் அரசுக்குப் பல நூறு கோடி வருவாய் அன்றோ! ஓர் அரசின் கல்விப் பணம் அதே அரசின் கலால் பணத்தை எதிர்த்து நின்ற விந்தையை நெல்லூரில் கண்டோம். கொடுத்தவர் எதிர்பாராத பயனை விளைத்ததனாலேயே அது உயர்ந்த கொடையாயிற்று.

போராட்டத்தின் வெப்பம் தணிந்தபின் அப்பெண்கள் நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் சேமிக்கத் தொடங்கினர். 'பொதுப்பு லட்சுமி' என்று தெலுங்கில் அதற்குப் பெயரிட்டனர். சேமிப்புத் திருமகள் என்னலாம். சாராயத்திற்குச் சென்ற காசு பெண்கள் பெட்டிக்குத் திரும்பிற்று. தாயார் கோயில் கொண்டிருக்கும் திருச்சானூருக்கு அண்மையில் இப்பெயர் பிறந்தது நமக்கு ஒரு நிறைவைத் தருகின்றது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1982-83இல், நடுவண் அரசு ஊரகப் பெண்கள் குழுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 'டுவாக்ரா' என்னும் அதன் சுருக்கப் பெயர் இன்றும் ஆந்திரச் சிற்றூர்களில் குழுப் பெண்களைக் குறிக்கும் பொதுச் சொல்லாய் நிலவுகின்றது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முறையை முயன்று பார்த்தது. 2000ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு ஆந்திரத்தின் ஆறு மாவட்டங்களில் வறுமை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, திருச்சானூர் அன்று அடங்கியிருந்த சித்தூர் மாவட்டமும் அவ்வாறனுள் ஒன்றாயிருந்தது. (திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்.)

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் நாம் மகிழ்ந்து கையொலி எழுப்பிவிட்டு அமரலாம். ஆனால் 2010ஆம் ஆண்டு வந்தது. நெல்லூர்ப் பெண்கள் தாமே கட்டிய நம்பிக்கையின் மேல் வேறு சிலர் கடை விரித்தனர். ஊரில் பெண்கள் ஒருவருக்கொருவர் உறுதுணையாக நிற்பார்கள் என்பதை அறிந்த நுண்கடன் நிறுவனங்கள் அந்த உறுதுணையையே பிணையாக வைத்துக் கடன் கொடுத்தன. வாரந்தோறும் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர் கட்டுதல் வேண்டும். என்ன நிகழும் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை. சாராயக் கடை வாசலில் ஒன்றாய் நின்ற பெண்களே, தம்முள் ஒருத்தியின் வீட்டு வாசலில் கூடி நின்று, பானையையும் ஆட்டையும் விற்றுக் கட்டு என்று நெருக்கினர். கடன் சுமையால் உயிர்விட்டோரைப் பற்றிய செய்திகள் பெருகின. அவ்வாண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொணர்ந்து, வன்முறை வசூலைத் தடுத்து, வாரத் தவணையை மாதத் தவணையாக்கிற்று.

ஒரே மாநிலம், ஒரே பெண்கள், இருபதாண்டு இடைவெளி கூட இல்லை. ஒரு பணம் அண்டை வீட்டாரைச் சேர்த்தது. மற்றொரு பணம் அவரைப் பிரித்தது. தொகையைப் பார்த்தால் பின்னதே பெரிது. எனவே, 'பெண்கள் கையில் பணம் சேர்ந்தால் அமைதி மலரும்' என்று மேடையில் முழங்குவோரை நாம் ஐயத்தோடுதான் கேட்கின்றோம். கடனாக வந்த பணம் கடனின் குணத்தையே காட்டும். அதற்குத் தோழமையும் ஓர் ஈடுதான்.

அப்படியாயின் எதிர்ப்பக்கத்தை நோக்குவோம். கணக்குக் கேளாத கொடை நலம் தருமா? இங்கேதான் நம் மனச்சான்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. மலைமேல் உண்டியலில் நாம் பணமுடிப்பை இடும்போது ஒருவரும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடுகின்றோம். ஊரில் கோபுரத் திருப்பணி என்றால் நம் சங்கத்தார் ஒரே மாலையில் தொகை திரட்டிவிடுவர். கல்லில் பெயர் பொறிக்கப்படும் என்ற உறுதி ஒன்றே போதும். ஆனால் விதவையர் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு, பேருந்துக் கட்டணத்திற்கும் ஓர் அறை வாடகைக்கும் உதவி கேட்டு எழுதினால், எத்தனை வினாக்கள்! எத்தனை பேர் பயனடைவர்? மூன்றாண்டில் தற்சார்பு அடைவீர்களா? புகைப்படம் அனுப்புவீர்களா? இறைவனிடம் கேளாத கணக்கை ஏழைப் பெண்ணிடம் கேட்பது ஏன்? நம்பிக்கை உள்ள இடத்தில் கணக்குத் தேவையில்லை என்பது விடையாயின், அப்பெண்ணை நாம் நம்பவில்லை என்பதும் அதே விடையில் அடங்கிவிடுகின்றது.

நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில ஆண்டுகட்கு முன், நாம் அங்கம் வகிக்கும் ஒரு சிறு குழு தாயகத்துப் பெண்கள் அமைப்பு ஒன்றிற்கு உதவ முன்வந்தது. வீட்டுச் சண்டை, நிலத் தகராறு, சாதிப் பூசல் ஆகியவற்றில் இடைநின்று பேசித் தீர்க்கும் பணியை அப்பெண்கள் செய்து வந்தனர். அவர்கள் கேட்டது, இரவு நேரத்தில் அடிபட்ட பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோவுக்கு வாடகையும், தொலைபேசி ஏற்று எழுதி வைக்க ஒருத்திக்குச் சம்பளமும். நாம் கொடுத்தது பன்னிரண்டு தையல் எந்திரங்கள். தையல் எந்திரம் படத்தில் நன்றாக விழும். ஆட்டோ வாடகை படத்தில் விழாது. கூட்டத்தில் ஒருவர் கூறினார்: "சம்பளத்துக்குப் பணம் கொடுத்தா அது சேவையில்லைங்க, வேலை." அனைவரும் தலையசைத்தோம். நம்முள் எவரும் சம்பளம் இன்றி வேலை பார்த்தவர் அல்லர் என்பது அப்போது எவர்க்கும் தோன்றவில்லை. எந்திரங்கள் ஓர் அறையில் அடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவ்வமைப்பின் தலைவியார் மிக்க மரியாதையோடு எழுதிய மடலில், "நீங்கள் அனுப்பியவை பத்திரமாக இருக்கின்றன" என்றொரு தொடர் இருந்தது. அதனைப் படித்தபோது நமக்கு உண்டான நாணம் இன்றும் நீங்கவில்லை.

இப்பிழை நம்முடையது மட்டும் அன்று என்பதே அச்சம் தருகின்றது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் 1325ஆம் எண்ணுடைய தீர்மானத்தை இயற்றியது. போரைத் தடுப்பதிலும் அமைதிப் பேச்சிலும் மீள்கட்டமைப்பிலும் பெண்களுக்குச் சம பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து, அமைதிப் பணிக்கான ஐ.நா. நிதியில் குறைந்தது 15 விழுக்காடேனும் இந்நோக்கிற்குச் செல்லுதல் வேண்டும் என்று பொதுச் செயலாளர் வரையறுத்தார். 2016இல் இதற்கெனவே ஒரு தனி நிதியமும் தோன்றியது. ஆயினும் செல்வ நாடுகள் தரும் வளர்ச்சி உதவியில் பெண்கள் தாமே நடத்தும் அமைப்புகளுக்குச் செல்வது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. உலகப் பேரவைகளும் தையல் எந்திரம் வாங்கிக் கொண்டுதான் இருக்கின்றன போலும்.

லைபீரிய நாட்டுப் பெண்களின் செயலை நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். 2003இல் கிறித்தவப் பெண்களும் முசுலிம் பெண்களும் வெள்ளாடை அணிந்து தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே நாள்தோறும் அமர்ந்தனர். அமைதிப் பேச்சு கானா நாட்டில் நடந்தபோது அங்கும் சென்று, பேச்சு மண்டபத்தின் வாயிலை மறித்து அமர்ந்து, உடன்பாடின்றி எழுந்து செல்ல வந்தோரைத் தடுத்தனர். வீரம் அவர்களுடையது. எனினும் ஓர் அயல்நாட்டுத் தலைநகரில் பெண்கள் பலர் வாரக்கணக்கில் தங்கியிருப்பதற்கு உணவும் இருப்பிடமும் வழிச்செலவும் வேண்டும் என்பதை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்து விடுகின்றனர்.

நம் இனத்துப் பட்டறிவும் உண்டு. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர் பலர் கைது செய்யப்பட்டபோது, அன்னையர் முன்னணியாய்த் திரண்ட தாய்மார் அரசாங்க அதிபர் அலுவலகத்திற்கு அணிவகுத்துச் சென்று பிள்ளைகளை விடுவிக்கக் கோரினர். சில ஆண்டுகளில் ஆயுதங்களின் ஓசை அக்குரலை விழுங்கிற்று. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் நிலையம் போர் நடுவிலும் போருக்குப் பின்னும் இடம்பெயர்ந்த பெண்களோடு பணியாற்றி வந்திருக்கின்றது. அக்காலத்தில் புலம்பெயர்ந்த நாம் எவ்வெவற்றிற்கெல்லாம் பணம் அனுப்பினோம் என்பதை இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் தத்தம் மனத்திற்குள் எண்ணிப் பார்க்கட்டும். அதனை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. அன்னையர் கேட்ட வழிச்செலவு எத்துணை முறை நம் பட்டியலில் இடம்பெற்றது என்பது மட்டுமே நம் வினா.

பழந்தமிழர்க்கு இது புதிதன்று. தொண்டைமானிடம் அதியமானின் தூதாகச் சென்றவர் ஔவை. போரைத் தவிர்க்கும் பொறுப்பை ஒரு பெண்பாற் புலவரிடம் ஒப்புவித்த வேந்தன், வழிச்செலவிற்குக் கணக்குக் கேட்டதாக எவரும் பாடவில்லை. மணிமேகலையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றாள். அமுதசுரபியில் முதல் பிச்சையை இடும் தகுதி ஆதிரைக்கே உண்டு என்று காப்பியம் வைத்தது; பாத்திரம் ஏந்தியவளும் பெண், முதலில் நிறைத்தவளும் பெண். வேந்தன் என்ன வேண்டும் என்று வினவியபோது அவள் பொன் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரக் கேட்டாள். பெறுபவளே கொடையின் வடிவத்தை வகுத்தாள் என்பது இங்குக் கருதத்தக்கது.

திருவேங்கடத்திலேயே ஒரு சான்று கல்லில் உள்ளது. சாமவை என்னும் பல்லவ குலத்து அரசியார், காடவன் பெருந்தேவி என்றும் பெயர் பெற்றவர், மலைக்கோயிலுக்கு வெள்ளியாலான போக சீனிவாசர் திருமேனியை அளித்து, அணிகலன்களும், விழா நடத்த நிலமும் வழங்கியதைத் தமிழ்க் கல்வெட்டுக் கூறுகின்றது. அதன் காலத்தை 614 என்று கூறுவாரும் உளர். ஆராய்ச்சியாளர் பலர் 966 என்பர். அக்காலத்தில் திருச்சானூர், திருச்சுகனூர் என்ற பெயருடன் சபை அமைந்த ஊராய் விளங்கிற்று; கோயில் அறங்கள் பலவற்றிற்கு அவ்வூர்ச் சபையார் பொறுப்பேற்றனர். சாமவையார் கணக்கை வெறுத்தவர் அல்லர். இன்னது இன்னதற்கு என்று கல்லில் வெட்டியே கொடுத்தார். ஆயின் அவர் கொடுத்தது விளைநிலம். ஒரு விழாவோடு தீர்ந்துபோகும் பொருளைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு நீவிர் தற்சார்பு அடைந்தீரா என்று கேட்கவில்லை. ஆண்டுதோறும் விளைவு வரும். அதனை உள்ளூரார் நடத்துவர். அவ்வெள்ளித் திருமேனிக்கு இன்றும் நாள் வழிபாடு நடக்கின்றது.

இவையெல்லாம் நன்று, நாம் செய்யக்கூடியது யாது என்று வினவும் நடைமுறையாளர்க்கும் சில சொல்ல வேண்டும். நம்முள் இந்தியக் குடியுரிமையை விடாதவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடையை இந்தியச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்வதில்லை. குடியுரிமை மாறியவர் அனுப்புவதோ அவ்வாறு கொள்ளப்படும். பெறும் அமைப்பு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படிப் பதிவு அல்லது முன் இசைவு பெற்றிருத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வழியை மேலும் குறுக்கிற்று. பதிவு பெற்ற பெரிய அமைப்பு தான் பெற்ற பணத்தைச் சிறிய அமைப்பிற்குப் பகிர்ந்தளித்தல் இயலாது. நிருவாகச் செலவு 20 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. பதிவு வேண்டுவோர் மூன்றாண்டுகளில் 15 இலட்ச ரூபாய் செலவிட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. துபகுண்டா போன்ற ஊரின் பெண்கள் இத்தொகையை எங்ஙனம் காட்டுவர்? தவறான வழிகளில் அயல்பணம் புகாமல் காப்பது அரசின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெரிய கதவையும் சிறிய சாளரத்தையும் ஒரே பூட்டால் பூட்டும்போது மூச்சு முட்டுவது குடிசைக்குத்தான். சட்டத்தைச் சுற்றிக் கடக்கும் குறுக்குவழியை நாடுதல் கூடாது. அதனால் சிறைப்படுவோர் நாம் அல்லர், அப்பெண்கள்.

சங்கத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில் இப்பொருள் மீண்டும் வந்தது. அதே பெண்கள் அமைப்பிற்கு, அலுவலகப் பெண்ணின் ஊதியமும் ஆட்டோ வாடகையும் அறை வாடகையும் மூன்றாண்டிற்கு, தொடர்ந்து, எந்தப் புகைப்படமும் கோராமல், இந்தியக் குடியுரிமையுள்ள அன்பர்கள் அவரவர் சேமிப்பிலிருந்து அனுப்புதல் என்று ஒருவர் முன்மொழிந்தார். ஆண்டிற்கு ஒருமுறை அவர்களே தம் மொழியில், தமக்கு வசதியான அளவில், நடந்ததை எழுதினால் போதும் என்றார். பொருளாளர் எழுந்து, பணம் வீணானால் யார் பொறுப்பு என்றார். அவர் நல்லவர், நம் பணத்தை இருபதாண்டாய்க் காத்தவர். அவருடைய கேள்வியும் ஞாயமானதே. உண்டியலில் இட்டது வீணானால் யார் பொறுப்பு என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் கேட்டார். சிரிப்பு எழுந்தது, பின்பு அமைதி.

முன்மொழிவு மிகச் சில வாக்குகளால் நிறைவேறிற்று. முதல் தவணை சென்ற கார்த்திகையில், பஞ்சமி தீர்த்தத்திற்கு மூன்று நாள் முன்பு அனுப்பப்பட்டது. வங்கிப் படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பொருளாளர் தொலைபேசியில் கேட்டார். நன்கொடை என்றே எழுதுங்கள், வங்கிக்கு வேறு சொல் விளங்காது என்றோம். அந்தத் தையல் எந்திரங்களுள் நான்கை விற்று, மீதியை அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுக்கலாமா என்று தலைவியார் இசைவு கேட்டு எழுதியிருந்தார். அவை உங்களுடையவை, எங்களைக் கேட்க வேண்டியதில்லை என்று மறுமொழி விடுத்தோம்.